கியர் பக்கத்துச் சீட்டு

திரிஷா முன்சீட்டு வேண்டாம் என்று சொன்ன அன்று எனக்கு அவள்மேல் கோபம்தான் வந்தது. விடிகாலை ஐந்தரை மணி. தேவாரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜீப் உறுமிக்கொண்டு நிற்கிறது. தூக்குவாளியும் பையுமாக நாங்கள் ஒவ்வொருத்தியாக ஏறிக்கொண்டிருக்கிறோம். இவள் பேசாமல் பின்பக்கமாக வந்து, ரீட்டாவுக்கும் ஸ்டெப்னி டயருக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "வாந்திக்காரிக்கு என்னத்துக்குடி வீம்பு? முன்னால போ" என்றேன். "இங்கனயே இருக்கேன்க்கா" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். போடிமெட்டு மலையில் ஐந்தாவது வளைவு ஏறும்போதே பிளாஸ்டிக் பையை வாயில் பொத்திக்கொண்டாள். பையில் ஓட்டை இருந்திருக்கிறது. ரீட்டாவின் சேலை நாறிப்போனது. என் பேச்சைக் கேட்காத திரிஷாவுக்கு நல்லா வேணும் என்று நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

யார் எங்கே உட்கார்வது என்று சீட்டுப் பிரிப்பது என் வேலை. யாரும் கூப்பிட்டுக் கொடுத்த பதவி இல்லை. இருபத்திரண்டு வருஷமாக மலைக்கு மேலே ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போய் வருகிறேன், குரலும் கொஞ்சம் பெரிசு, அதனால் தானாக வந்து சேர்ந்தது. டிரைவர் நல்லகண்ணு அண்ணனோடு சேர்த்துப் பதினேழு பேர் அந்த ஜீப்பில் போகிறோம். முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் இரண்டு பேர் உட்காரலாம். கதவோரம் சோணையம்மாளுக்கு. அவளுக்கு இடது முழங்கால் மடங்காது, வேறெங்கும் நீட்டி உட்கார முடியாது. அவளுக்கும் டிரைவருக்கும் நடுவில் ஒரு சீட்டு, கியர் கம்பிக்குப் பக்கத்தில். மலை ஏறினால் வாந்தி எடுக்கிறவளுக்கு அந்தச் சீட்டு. முன்னால் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டே போனால் தலை சுற்றாது. புதுசாக வருகிற சின்னப் பெண்கள்தான் வாந்தி எடுப்பார்கள். இரண்டு மூன்று வருஷத்தில் பழகிவிடும், அப்புறம் பின்னால் வந்துவிடுவார்கள். அதை நாங்கள் ஒரு சலுகையாகத்தான் நினைத்தோம். நான் அப்படித்தான் நினைத்தேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

திரிஷா எனக்குப் பக்கத்து வீட்டுப் பெண். பத்தொன்பது வயசு. அவள் அம்மா கர்ப்பப்பை ஆபரேஷன் ஆகிப் படுத்திருக்கிறாள், அவள் இடத்துக்கு இவள் வந்தாள். அடுத்த வருஷம் நர்சிங்கில் சேர வேண்டும் என்று ஒரே பிடி. இந்த சீசன் முழுக்க வேலைக்கு வந்தால் சேர்ந்துவிடலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தாள். அப்பா இல்லை. தாய்மாமன்தான் எல்லாம். அவன் ஏற்கெனவே மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிட்டான். 'பொட்டப்புள்ளைய மலைக்கு அனுப்பாதீக' என்று வாரத்துக்கு ஒரு தரம் வாசலில் வந்து நின்று சொல்லிவிட்டுப் போவான்.

அன்றைக்குத் தோட்டத்தில் அவளை என் பக்கத்து வரிசையிலேயே போட்டுக்கொண்டேன். ஏலச்செடிக்கு அடியில்தான் காய் சரம் சரமாகப் படர்ந்து கிடக்கும். குந்தி உட்கார்ந்து, முற்றிய காயை மட்டும் பார்த்துப் பார்த்து எடுக்க வேண்டும். மழை தூறிக்கொண்டிருந்தது. சேலைக்கு மேலே புருஷன்மார் சட்டையைப் போட்டுக்கொண்டு, காலில் அட்டை ஏறாமலிருக்கப் புகையிலைத் தண்ணீரைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். காலையில் பேசின கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. "முன்சீட்டுக்கு என்னடி கொறச்சல்? ரீட்டா பாவம், பொழுதுக்கும் நாத்தத்தோட வேல பாக்குறா" என்றேன்.

அவள் நாலைந்து சரம் எடுத்து முடித்தாள். பிறகு காயைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"மொத நாளு கியர் போடத்தான் கை வருதுன்னு நெனச்சேன்க்கா. ரெண்டாம் நாளும் அப்பிடித்தான் நெனச்சேன். நேத்து எதுக்க லாரி வருதுன்னு வளைவுல ஓரங்கட்டி நிறுத்துனாகல்ல, அப்பயும் கை வந்துச்சு. வண்டி நிக்கும்போது எதுக்குக்கா கியரு?"

என் கை சரத்திலேயே நின்றுவிட்டது. 'யாரு, நல்லகண்ணு அண்ணனா? சே சே' என்று சொல்ல வாய் வரவில்லை. ஏனென்றால் எனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் நானும் வாந்திக்காரி. நானும் அந்தச் சீட்டில் இரண்டு வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். முதல் மாதம் கியர் என்று நினைத்தேன். அப்புறம் தூக்குவாளியை மடியிலிருந்து இறக்கி என் தொடைக்கும் கியருக்கும் நடுவில் வைத்துக்கொள்ளப் பழகினேன். யாரும் சொல்லித் தரவில்லை. கல்யாணம் முடிந்து பின்சீட்டுக்கு வந்தபோது, அப்பாடா, அது முடிந்துபோயிற்று என்று இருந்தேன். எனக்கு முடிந்துபோயிற்று. என் இடத்துக்கு அடுத்தவள் போனாள். அவளுக்குப் பிறகு இன்னொருத்தி, ரீட்டாவும் அந்த வரிசையில் ஒருத்தி. பத்து வருஷமாக ஒவ்வொருத்தியையும் 'முன்னால போத்தா, அங்கன சொகமா இருக்கும்' என்று கையைப் பிடித்து ஏற்றிவிட்டது நான். அந்தச் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு எங்கேயாவது ஓடிப் போய்விடலாம் போல எனக்கு அவமானமாக இருந்தது.

"பள்ளிக்கூடத்துல கராத்தே சொல்லிக் குடுத்தாகக்கா" என்றாள் திரிஷா. "முழங்கைய இப்பிடி மடக்கி நெஞ்சுல இடிக்கணும், மூக்குல குத்தணும்னு. நான் நல்லாத்தான் செய்வேன், சர்ட்டிபிகேட் எல்லாம் வச்சிருக்கேன். ஆனா கிரவுண்டுல செஞ்சது. இங்கன பதினேழு உசுரு அவுக கையில இருக்கு. வளைவுல வச்சு எப்பிடிக்கா குத்துறது?"

பிறகு, "நாளையிலேர்ந்து வரலக்கா. அம்மாகிட்ட வாந்தி தாங்கலன்னு சொல்லிக்கிறேன். நெசத்தச் சொன்னா மாமா என்னய வீட்ட விட்டே எறங்க விடாது. நர்சிங்காவது ஒண்ணாவது" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் கட்டிப்பிடித்துத் தேற்றிவிட்டு நான் தப்பித்திருப்பேன்.

"நாளைக்கி ஒரு நாளு வா" என்றேன். "வாந்திக்கு ரெண்டு பை எடுத்துக்க. முன்னால உக்கார வேணாம்."

மத்தியானம் சோற்றுக்கு உட்கார்ந்தபோது ரீட்டாவைத் தனியாகக் கூப்பிட்டேன். நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "நீ முன்னால உக்காந்து வந்தீல்ல, அப்ப..." அவ்வளவுதான் என்னால் முடிந்தது. ரீட்டா என்னைப் பார்த்த பார்வையை நான் சாகிறவரைக்கும் மறக்க மாட்டேன். "ஒனக்குத் தெரிஞ்சுதான் என்னய அங்கன உக்கார வச்சன்னு இத்தன நாளா நெனச்சுக்கிட்டு இருந்தேன்க்கா" என்றாள். அதைக் கோபமாகச் சொல்லவில்லை. சும்மா சொன்னாள். அவள் கேட்டு இன்னொருத்தி, அவள் கேட்டு இன்னொருத்தி என்று சாயங்காலத்துக்குள் விஷயம் வரிசை வரிசையாகச் செடிகளுக்கு அடியிலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. எங்களில் ஒன்பது பேர் அந்தச் சீட்டில் இருந்திருக்கிறோம். ஒன்பது பேரும் தனக்கு மட்டும்தான் என்று நினைத்திருக்கிறோம். ஒருத்தியும் வீட்டில் சொன்னதில்லை. சொன்னால் அவனை யாரும் ஒன்றும் செய்யப் போவதில்லை, நம்மைத்தான் வேலைக்குப் போகாதே என்பார்கள் என்று ஒன்பது பேருக்கும் தெரிந்திருந்தது.

நல்லகண்ணு அண்ணன் கெட்டவன் என்று சொன்னால் தேவாரத்தில் யாரும் நம்ப மாட்டார்கள். என் புருஷன் செல்வின் தென்னையிலிருந்து விழுந்தபோது, பின்சீட்டில் படுக்கவைத்துத் தேனி ஆஸ்பத்திரிக்கு நாற்பது நிமிஷத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவர். செத்த வீட்டுக்கு வண்டி கேட்டால் இல்லை என்று சொன்னதில்லை. நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறைய தாயி, ஆத்தா. மலைக்கு மேலே எங்களுக்கு வேலை பிடித்துத் தருவதும் அவர்தான். அதெல்லாம் உண்மை. ஒரு மனுஷன் நல்லது செய்துவிட்டால் மற்றதையெல்லாம் அவன் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று நமக்கு யார் சொல்லிவைத்தார்கள் என்று தெரியவில்லை. நான் அப்படித்தான் இருந்தேன்.

சாயங்காலம் இறங்கும்போது கியர் பக்கத்தில் நானே உட்கார்ந்தேன். "என்ன செல்வி, இந்த வயசுல வாந்தியா?" என்று சிரித்தார். அவர் கை கியரை விட்டு ஒரு விரற்கடை நகரவில்லை. வழி நெடுக, மகள் பிரசவத்துக்கு வந்திருப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். அப்படியானால் அவருக்கு எல்லாம் நன்றாகவே தெரிகிறது, எவளிடம் வைத்துக்கொள்ளலாம், எவளிடம் கூடாது என்று. என் கொஞ்சநஞ்சத் தயக்கமும் அதோடு போயிற்று. கதவோரத்தில் சோணையம்மாள் காலை நீட்டிக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தாள்.

ஊரில் இறங்கினதும் அவளை நிறுத்தினேன். "நீ அந்தச் சீட்டுக்குப் பக்கத்துல உக்காந்து வர்றவ. ஒனக்குத் தெரியாம இருக்குமா?"

"நான் தூங்கிருவேன்" என்றாள்.

"பதினேழு வளைவுலயுமா?"

அவள் சும்மாடுத் துணியை உதறி மடித்தாள். "இந்தக் காலோட என்னய எவன் வண்டியில ஏத்துவான், சொல்லு. வேற வண்டிக்காரன் வந்தா மட்டும் அவன் யோக்கியனா இருப்பானா? கெடக்கட்டும் செல்வி. அந்தப் புள்ளைய நிப்பாட்டிக்க" என்று சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே போனாள். அவளை நான் திட்டவில்லை. என்ன யோக்கியதையில் திட்டுவது? மற்றவர்களை மட்டும் ராத்திரிக்குள் வீடு வீடாகப் போய்ப் பார்த்து, மறுநாளைக்கு என்ன செய்வதென்று காதோடு பேசி வைத்தேன்.

எங்கள் ஜீப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சாவியைத் திருகினால் அதற்கு செல்ஃப் எடுக்காது. பல வருஷமாக எடுக்காது. வீட்டில் சரிவில் நிறுத்தி வைப்பார், தோட்டத்திலும் சரிவில்தான் நிறுத்துவார். உருட்டிவிட்டு ஸ்டார்ட் செய்துகொள்வார். ஒரே ஒரு இடத்தில் மட்டும் சமதளத்தில் அணைப்பார். அது முந்தல், மலையின் அடிவாரம். அங்கே ரோட்டோரம் ஒரு சின்னக் காளி கோயில். மலை ஏறுகிற வண்டிக்காரர்கள் கும்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். மற்றவர்கள் வண்டியை உறுமவிட்டுக்கொண்டே ஒரு கும்பிடு போடுவார்கள். இவருக்கு அப்படி ஆகாது. இன்ஜினை அணைத்து, செருப்பைக் கழற்றி, சூடம் கொளுத்தி, கண்ணை மூடி நின்று கும்பிட வேண்டும். அதற்குப் பிறகு நாங்கள் பதினைந்து பேர் இறங்கித் தள்ளுவோம். சோணையம்மாள் மட்டும் இறங்க மாட்டாள். 'பதினஞ்சு மோட்டாரு இருக்கையில செல்ஃப் மோட்டாரு எதுக்கு தாயி' என்று சொல்லிச் சிரிப்பார். நாங்களும் சிரிப்போம். நான் வேதக்காரி, காளிக்கு முன்னால் சிலுவை போட்டுக்கொண்டு தள்ளுவேன்.

மறுநாள் காலை திரிஷா வந்தாள். துவைத்து உலர்த்தின துணி மாதிரி முகம் வெளுத்திருந்தது. நான் பின்பக்கம் போய், ஏறுகிற ஒவ்வொருத்தியிடமும் தூக்குவாளியைக் கேட்டு வாங்கினேன். யாரும் எதற்கென்று கேட்கவில்லை. பதினைந்து வாளியையும் கொண்டுபோய்க் கியர் பக்கத்துச் சீட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். கதவோரம் உட்கார்ந்திருந்த சோணையம்மாள் என்னைப் பார்த்தாள், வாளிகளைப் பார்த்தாள், தன் வாளியை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"என்ன செல்வி, வாளிக்கெல்லாம் முன்சீட்டா? அந்தப் பாப்பாவ வரச் சொல்லு" என்றார் அண்ணன்.

"வாளிக்கு வாந்தி வராதுண்ணே. போங்க" என்றேன்.

போடி தாண்டுகிறவரைக்கும் வாளிகள் கடகடவென்று அடித்துக்கொண்டே வந்தன. பின்னால் நாங்கள் பதினைந்து பேர், ஒருத்தி மடியில் ஒருத்தி. எட்டு மணிக்குத் தோட்டத்து கேட்டைச் சாத்திவிடுவார்கள், அப்புறம் போனால் 'நாளெ வா சேச்சி' என்று மலையாளத்தில் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இன்றைக்கு ஒரு நாள் கூலியோடும் போகாது. இந்த ஆள் முறைத்துக்கொண்டால் பதினாறு வீட்டில் அடுப்பு எரியுமா என்று யோசிக்க வேண்டும். இது தெரிந்துதான் எல்லாரும் ஏறினார்கள். இருந்தாலும் அந்த நேரத்தில் எவள் எவள் பின்வாங்குவாள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

முந்தலில் நிறுத்தினார். அணைத்தார். சூடம் கொளுத்தி, கண்ணை மூடி, நிதானமாகக் கும்பிட்டார். திருநீற்றைக் கொண்டுவந்து நீட்டினார். எடுக்கிறவர்கள் எடுத்தார்கள். நாங்கள் இறங்கி நின்றோம். அவர் ஏறி உட்கார்ந்து, கிளட்சை மிதித்து, "ம், தள்ளுங்க தாயி" என்றார்.

யாரும் தள்ளவில்லை.

"என்னத்தா, நேரமாகுது."

நான் டிரைவர் பக்கத்துக்குப் போனேன். நேற்று ராத்திரி முழுக்க என்னென்னவோ யோசித்து வைத்திருந்தேன். அங்கே நின்றபோது திரிஷாவின் வார்த்தை ஒன்றுதான் வாயில் வந்தது.

"வண்டி நிக்கும்போது எதுக்குண்ணே கியரு?"

முதலில் அவருக்குப் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. முகத்தில் ரத்தம் ஏறினது நன்றாகத் தெரிந்தது. "என்ன பேசுற நீ? யாருகிட்ட பேசுற? ஒன் புருசன அள்ளிப் போட்டுக்கிட்டு ஓடுனவன் நான்."

"ஓடுனீக. அதுக்கு இன்னைக்கும் கையெடுத்துக் கும்புடுறேன்" என்றேன், கும்பிட்டேன். "ஆனா அதுக்கு இது கூலி இல்லண்ணே. அவரு விழுகுறதுக்கு முன்னாலயே ரெண்டு வருசம் நான் அந்தச் சீட்டுல உக்காந்து வந்தவ. அது எதுக்குக் கூலி?"

"நானும்தான்" என்றாள் ரீட்டா பின்னாலிருந்து. சத்தமாகத்தான் சொன்னாள். நானும் என்று இன்னொருத்தி. நானும். நான் எண்ணவில்லை, ஒன்பதும் வந்ததா என்று எனக்குத் தெரியாது. அந்தச் சீட்டில் உட்காராதவர்களும் இரண்டொருத்தி சொல்லியிருக்க வேண்டும்.

எங்களைத் தாண்டி வேறு ஜீப் ஒன்று போனது. "என்ன நல்லகண்ணு, பிரேக் டவுனா?" என்று அதன் டிரைவர் கத்திவிட்டுப் போனான். அண்ணன் அவனுக்குக் கையை ஆட்டி அனுப்பிவிட்டு என்னிடம் குனிந்தார். குரல் இறங்கிவிட்டது. "இங்க பாரு. நான் ஒரு வார்த்த ஒங்க வீடுகள்ல சொன்னேன்னு வையி, மலைக்குப் போயி பொம்பளைக ரவுசு பண்ணுதுகன்னு, நாளைக்கி ஒருத்தி வாசப்படி தாண்ட மாட்டீக."

நான் பயந்துகொண்டிருந்தது அதற்குத்தான். அவர் வாயாலேயே அதைச் சொன்னதும் எனக்கு ஏனோ பயம் விட்டுப்போயிற்று.

"சொல்லுங்க" என்றேன். "என்ன ரவுசுன்னு கேப்பாக. என்னன்னு சொல்லுவீக? ஒங்க மக வீட்டுல இருக்குல்ல, மொதல்ல அதுகிட்ட சொல்லிப் பாருங்க."

அவர் சாவியைத் திருகினார். செல்ஃப் க்ளிக் என்று ஒரு சத்தம் போட்டு நின்றது. மறுபடி திருகினார். க்ளிக். மலையிலிருந்து இறங்கி வந்த மூடுபனி ரோட்டுக்கு மேலே நின்றுகொண்டிருந்தது. ஏழு மணி ஆகப் போகிறது.

அப்போது முன்பக்கக் கதவு திறந்தது. சோணையம்மாள் இறங்கினாள். இத்தனை வருஷத்தில் முந்தலில் அவள் இறங்கி நான் பார்த்ததில்லை. மடங்காத காலை முதலில் தரையில் ஊன்றி, கதவைப் பிடித்துத் தொங்கி, மெல்ல மெல்ல இறங்கினாள். தள்ளத்தான் போகிறாள், காரியத்தைக் கெடுத்தாள் என்று நினைத்தேன். அவள் நடுச்சீட்டிலிருந்த வாளிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தாள். எல்லாவற்றையும் இறக்கியதும், உள்ளே ஏறி, கதவோரத்தைத் தாண்டி நகர்ந்து, கியர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அந்தக் காலை நீட்ட அங்கே இடமில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அதைச் சாய்த்துக் குறுக்கே போட்டாள்.

"நான் ஒரு நாளும் தூங்குனது கெடையாது" என்றாள், அவரைப் பார்த்து இல்லை, முன்கண்ணாடியைப் பார்த்து. "திரிஷா, கதவோரமா வந்து உக்காரு. காத்து வரும், வாந்தி வந்தா வெளிய எடுத்துக்கலாம். நீங்க கியர் போடுங்க நல்லகண்ணு. எம்புட்டு வேணும்னாலும் போடுங்க. நான் முழிச்சுக்கிட்டுத்தான் வருவேன்."

வாந்திக்காரிக்குக் கதவோரம்தான் நல்லது. இந்தச் சின்ன விஷயம் இருபத்திரண்டு வருஷமாக எங்களில் ஒருத்தி புத்திக்கும் எட்டவில்லை.

திரிஷா நகரவில்லை. நான் டிரைவரிடம் சொன்னேன். "ஓடும்போது கியர்ல கை வைங்க. வண்டி நின்னா ரெண்டு கையும் ஸ்டியரிங் மேல இருக்கணும். பின்னால இருக்கிற எங்க எல்லாருக்கும் தெரியணும். ஒரு தடவ தெரியலன்னாலும் எந்த வளைவுன்னு பாக்க மாட்டோம், பதினாறு பேரும் அங்கனயே எறங்கி நடந்துருவோம். அப்புறம் தோட்டத்துக்காரவுகளுக்குப் பதில நீங்க சொல்லிக்கங்க, ஊருக்குப் பதில நாங்க சொல்லிக்கிறோம்."

அவர் தப்பு என்று சொல்லவில்லை. சொல்லுவார் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. கோயில் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவர் கொளுத்தின சூடம் எப்போதோ அணைந்து கருத்துப்போயிருந்தது. பிறகு இரண்டு கையையும் தூக்கி ஸ்டியரிங்கின் மேலே வைத்தார்.

தரையிலிருந்த வாளிகளை அள்ளிப் பின்பக்கம் ஏற்றிவிட்டு நாங்கள் வண்டிக்குப் பின்னால் போனோம். வழக்கமான இடங்களில், வழக்கம்போலக் கையை ஊன்றினோம். தகரம் சில்லென்று இருந்தது. தள்ளு என்று குரல் கொடுப்பது எப்போதும் நான்தான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் திரிஷாவைப் பார்த்தேன்.

"நீ சொன்னா தள்ளுறோம். இல்லன்னா இப்பிடியே போடிக்கு நடந்து, ஊருக்குப் பஸ் ஏறிருவோம். ஒன் இஷ்டம்" என்றேன்.

அவள் அவசரப்படவில்லை. ரீட்டாவுக்கும் எனக்கும் நடுவில் வந்து, தன் இரண்டு கையையும் வண்டியில் வைத்தாள். முழங்கையை மடக்கி, காலை அகட்டி, கிரவுண்டில் சொல்லிக் கொடுத்த மாதிரி நின்றாள். பின்பக்கப் படுதா மேலே சுருட்டிக் கட்டியிருந்தது. அதன் வழியாக உள்ளே பார்த்தாள். ஸ்டியரிங்கின் மேலே இரண்டு கைகள் தெரிந்தன. இன்னும் ஒரு ஜீப் எங்களைத் தாண்டி மலை ஏறிப் போனது. அவள் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள், நாங்கள் பதினான்கு பேரும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.